எங்கள் வீட்டுத் துடக்கு

எங்கள் குறிச்சிப் பிள்ளையார் கோயில் எனக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தது. கோயிலுக்கு மனிதர் கடன்படுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கோயில் ஒரு மனிதனுக்குக் கடன்பட்டது, எனக்குத் தெரிய, எங்கள் ஊரில் அந்த ஒருமுறைதான். அந்த மனிதன் நான். கார்க்கார முத்துக்குமாரு என்றால் உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கோப்பாய் வரைக்கும் தெரியாதவர் இல்லை.

வாசிகசாலைக்காரர் இந்த வருசம் மலர் போடுகிறார்களாம். மருதனார்மடத்தில் மருந்து கொடுக்கும் டொக்டர் மகாதேவியைப் பற்றி, அவளைப் பெற்றவன் என்ற முறையில் எழுதித் தரச் சொன்னார்கள். "பிழை இருந்தால் நாங்கள் திருத்திப் போடுறம் அண்ணை" என்றும் சொன்னார்கள். எழுத்துப் பிழையைத் திருத்தட்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றதில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. கோயில் மனேச்சராக இருந்த கனகசபாபதி இப்போது உயிரோடில்லை. இருந்திருந்தாலும் இதை இப்படியேதான் எழுதியிருப்பேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். என்னைச் சொல்லாமல் மகளைச் சொல்ல முடியாது. என் தகப்பன் மற்றவர்களின் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். நான் லொறியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, கலியாணத்துக்கு முன்பே ஓர் ஒஸ்ரின் ஏ-போட்டி காருக்குச் சொந்தக்காரன் ஆனவன். ஒருவரும் எனக்கு ஒரு சதம் தந்ததில்லை. அந்தக் காரில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேரைப் பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாசுபத்திரிக்கு ஏற்றிப் போயிருப்பேன் என்று கேட்டால் கணக்கில்லை. "முத்துக்குமாரு அண்ணையின்ரை கார் வந்திட்டுது" என்றால் அரைவாசி வலி குறைந்துவிடும் என்று சொல்வார்கள். பொய்யில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு கொழும்பில் இருந்த பெரிய குடும்பங்கள் வந்தன. வந்த கையோடு லண்டனுக்கும் கனடாவுக்கும் போயின. எங்கள் கோயிலில் கொடியேறிய ஏழாம் நாள் திருவிழாவை, ஏழாந் திருவிழாவை, தன் செலவில் செய்துவந்த குடும்பமும் போய்விட்டது. இரண்டு வருசம் அந்தத் திருவிழா மேளமும் சோடனையும் இல்லாமல் ஒப்புக்கு நடந்தது. அதற்குப் பிறகுதான் மனேச்சர் கனகசபாபதி என் வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்கு முன் அவர் கார் பிடிக்க ஆள் அனுப்புவாரே தவிர, தான் வந்தவரில்லை.

"முத்துக்குமாரு, ஏழாந் திருவிழாவை நீ எடுத்துச் செய்யிறியோ?"

"இவ்வளவு நாளும் எங்கை போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

"செய்யிறன். ஆனால் ஒருத்தரும் செய்யாத மாதிரிச் செய்வன்."

அன்றைக்கே மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கூட்டம் மேளம் பேசினேன். தண்ணீர் இறைத்தவனின் மகன் பட்டு வேட்டியோடு சாமிக்கு முன்னால் நிற்கப் போகிறான் என்று நினைத்து, காரின் முன் கண்ணாடியில் என் முகத்தை நானே இரண்டு தரம் பார்த்தேன்.

அது எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி. அந்த நேரம் மகாதேவி டொக்டர் படிப்பில் நாலாம் வருசம். பெரியாசுபத்திரியில் பெண்கள் வாட்டில் பயிற்சி. பிள்ளைப்பேறு, கருப்பை வருத்தம், இரத்தப் போக்கு எல்லாம் அங்கேதான். ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து எந்த நேரம் ஷெல் வருமென்று தெரியாத காலம். பஸ்ஸை நம்ப முடியாது. நானே காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் ஏற்றி வருவேன். வரும்போது காரில் அன்றன்றைய பாடத்தை ஒப்புவிப்பாள். நான் அந்த வாட்டுக்குள் கால் வைக்காமலே பாதி டொக்டர்.

அவர்களுக்குப் படிப்பித்த பெரிய டொக்டர் அம்மா முதல் நாளே சொன்னாவாம்: "உங்களிலை கனபேர் கத்தி பிடிக்கப் போறதில்லை. ஏதோ ஒரு ஊர்ச் சந்தியிலை, ஒரு மேசை ஒரு கதிரையோடை தனிய இருக்கப் போறியள். வாற பொம்பிளையைக் காரிலை ஏத்தி உடனை இஞ்சை அனுப்புறதோ, அங்கேயே வைச்சுப் பாக்கிறதோ எண்டு முடிவெடுக்கத் தெரிஞ்சால் காணும். அதைத்தான் நான் பழக்கப் போறன்."

இதைக் கேட்டதும் நான் காரை ஓரத்தில் நிற்பாட்டிவிட்டேன்.

"அப்ப, பிள்ளை, உங்கடை படிப்பு முழுக்க என்ரை காரைக் கூப்பிடுறதோ இல்லையோ எண்டதுதான்."

"ஓம் அப்பா. நீங்கள் கூப்பிட்ட எல்லாரையும் ஏத்துறியள். ஆரை ஏத்தக்கூடாது எண்டும் நாங்கள் படிக்கவேணும்."

"ஏத்தக்கூடாத ஆளும் இருக்கோ?" என்றேன். அவள் சிரித்தாள். நானும் அதைப் பகிடியாக விட்டுவிட்டேன்.

அந்தப் படிப்பில் கை வேலையைவிட வாய் வேலைதான் கஷ்டமாம். எங்கள் பெண்கள் எந்த வருத்தத்துக்கும் வயிற்றுக்குத்து என்றுதான் சொல்லுவார்கள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கேட்டு எடுக்கவேண்டும். கேட்டுப் பழக வீட்டில் தாயைப் பிடித்து உட்கார்த்துவாள்.

"அம்மா, நீங்கள் இப்ப நோயாளி. கடைசியாய் எப்ப உங்களுக்கு மாதச் சுகயீனம் வந்தது?"

என் மனைவி நல்லம்மா சுளகைக் கீழே போட்டுவிட்டாள். "எடியே, கொப்பர் இருக்கிறார்!"

"அதுதான் பாடம். ஊரிலை ஒரு பொம்பிளை தனியவோ வாறவ? மாமி, மச்சாள், மனுசன் எண்டு ஒரு பட்டாளம் வரும். அதுகள் நிண்டால் அவ வாய் திறக்கமாட்டா. முதலிலை பட்டாளத்தை வெளியிலை அனுப்பவேணும். அப்பா, நீங்கள் எழும்பி வெளியிலை போங்கோ."

நான் கட்டிய வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொன்ன ஒரே ஆள் என் மகள். போய் முற்றத்தில் நின்றேன். உள்ளே தாயும் மகளும் மெல்லிய குரலில் கதைத்தது நெடுநேரம் கேட்டது. நல்லம்மா பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் பிள்ளை கலைந்ததைப் பற்றி அவளிடம் ஒருவரும் அதுவரை கேட்டதில்லையாம். நானும் கேட்டதில்லை.

கேட்காமல் ஒரு பெண்ணில் கை வைக்கக்கூடாது, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் என்பது அந்த டொக்டர் அம்மாவின் அடுத்த சட்டம். ஆண் மாணவர்களைக் கண்டால் மாமிமார் சீலையை இழுத்து மூடிக்கொள்வார்களாம். மகாதேவி போய், "இவரும் நாளைக்கு ஒரு ஊருக்கு டொக்டராய்ப் போவார், இப்ப பழகாட்டில் அங்கை பிழைவிடுவார்" என்று சொல்லிச் சம்மதம் கேட்டுக் கொடுப்பாளாம். சிலர் ஓம் என்பார்கள், சிலர் முடியாது என்பார்கள். முடியாது என்றால் முடியாதுதான்.

கொடியேறுவதற்கு முதல் கிழமை மனேச்சர் கோயில் மடத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். திருவிழாக்காரர் எல்லாரும் பாயில் இருந்தார்கள். எனக்கும் ஒரு இடம் ஒதுக்குவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை.

"முத்துக்குமாரு, உன்ரை மகள் பிள்ளைப்பேத்து வாட்டிலை நிக்கிறாளாம்."

"ஓம், நிக்கிறாள். கெட்டிக்காரி எண்டு பேர்."

"அங்கை ஒவ்வொரு நாளும் பிள்ளை பிறக்கும்."

"பிறக்காமல் பின்னை?"

"அவள் அந்தக் கையோடை உன்ரை வீட்டுக்கு வாறாள். சாப்பிடுறாள். படுக்கிறாள். அப்ப உன்ரை வீடு துடக்கு வீடு."

தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டார் கோயிலுக்குப் போகமாட்டார்கள், திருவிழா செய்யமாட்டார்கள், மற்றவர்கள் அவர்களைத் தொட்டால் குளிப்பார்கள். மகாதேவி பிறந்தபோது நானும் ஒழுங்காகக் காத்தவன்தான். ஆனால் ஊரார் பெறுகிற பிள்ளைக்கெல்லாம் என் வீட்டில் துடக்கு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"அப்பிடியெண்டால் மனேச்சர், இண்டைக்குப் பிறந்ததுக்கு முப்பத்தொண்டு, நாளைக்குப் பிறக்கிறதுக்கு முப்பத்தொண்டு. என்ரை பேரப்பிள்ளையின்ரை காலத்திலையும் எங்கடை வீட்டுத் துடக்குக் கழியாதே!"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மனேச்சர் சிரிக்கவில்லை.

"பகிடி வேண்டாம். ஒண்டு செய். திருவிழா முடியும்வரைக்கும் அவள் வீட்டுப் பக்கம் வராமல் பட்டினத்திலை நிக்கட்டும். அல்லாட்டில் அந்தப் படிப்பைப் பிந்திப் படிக்கட்டும். பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வாட்டுத்தானோ கிடைச்சது?"

எனக்கு நெருப்புப் பிடித்தது. "மனேச்சர், போன வருசத் தீர்த்தத்துக்குச் சாமியை இழுக்கிற உழவு மெசின் பழுதாய்ப் போச்சு. பிள்ளையாரைக் கேணிக்குக் கொண்டுபோனது ஆற்றை கார்?"

"உன்ரை கார்."

"அண்டு விடிய அந்தக் காரின்ரை பின் சீற்றிலை என்ன நடந்தது? கோப்பாய்க்காரி ஒருத்தி ஆசுபத்திரி வாசலுக்குப் போக முன்னம் பெத்தவள். நான் வந்து உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்? 'கழுவிப்போட்டுக் கொண்டு வா' எண்டனீங்கள். கார் கழுவினால் போற துடக்கு, என்ரை பிள்ளை கை கழுவினால் போகாதோ?"

மனேச்சர் சால்வையைச் சரிசெய்தார்.

"அது வேறை" என்றார்.

"என்ன வேறை?"

"அது வேறை எண்டால் வேறைதான். உனக்கு இந்த வருசம் திருவிழா இல்லை. உன்ரை காசு இந்தா."

அவர் காசுக் கட்டை மடியிலிருந்து எடுத்தார். என் கையில் தரவில்லை. எனக்கும் தனக்கும் நடுவில் நிலத்தில் வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினார். துடக்குக்காரனைத் தொட்டால் அவர் குளிக்கவேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து எடுத்தால் என் வீடு துடக்கு வீடு என்று நானே ஒப்புக்கொண்டதாகும்.

நான் குனியவில்லை.

"நான் வெத்திலையிலை வைச்சுத் தந்த காசு. உங்கடை கையாலை, என்ரை உள்ளங்கையிலை, ஒவ்வொரு தாளாய் எண்ணி வைக்கவேணும். வைச்ச கையோடை, குளியாமல், உள்ளுக்குப் போய் விளக்குத் தூண்டவேணும். அதுவரைக்கும் கோயில் எனக்குக் கடன்."

"அது இந்தச் சென்மத்திலை நடவாது."

"அப்ப கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரை எடுத்தேன். இருந்த கோபத்தில் முதல் கியருக்குப் பதிலாகப் பின் கியர் விழுந்து, மடத்துச் சுவரில் ஒரு இடி. அந்தத் தழும்பு இன்னும் சுவரில் இருக்கிறது. நான் திருத்திக் கொடுக்கவில்லை.

வீட்டில் நல்லம்மா தலையில் கை வைத்தாள். "பத்து நாள்தானே, பிள்ளை சிநேகிதியின்ரை அறையிலை நிண்டிருப்பாள். எத்தினை வருசமாய் ஆசைப்பட்ட திருவிழா!"

மகாதேவியும் அதையே சொன்னாள். "நான் நிக்கிறன் அப்பா. உங்களுக்கு உது வேணும் எண்டு எனக்குத் தெரியும்."

வேண்டும்தான். இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் என் மகள் ஒளித்து நின்று எனக்கு ஒரு திருவிழா வேண்டாம். "நீ வாட்டிலை இருந்து நேரை இந்த வீட்டுக்குத்தான் வருவாய். முன் வாசலாலை வருவாய். நான் கோர்ண் அடிச்சுக்கொண்டு வருவன்" என்றேன்.

அப்படியே செய்தேன். ஏழாந் திருவிழா அன்று பின்னேரம் அவளை ஏற்றிக்கொண்டு கோயில் வீதியால் வந்தேன். நான் பேசிய மேளகாரரை அவர்கள் விடவில்லை. அதே கூட்டம், வேறொருவரின் செலவில் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது. கோயில் வளைவில் காரை மெதுவாக்கி, கோர்ணில் கை வைத்தவன் எடுக்கவேயில்லை. மகாதேவி பின்னால் இருந்து, "காணும் அப்பா" என்று தோளில் தட்டினாள். நாதஸ்வரம் நன்றாகத்தான் இருந்தது. நான் தெரிந்தெடுத்த கூட்டம் அல்லவா.

அதற்குப் பிறகு மனேச்சர் இரண்டு தரம் ஆள் மூலம் காசு அனுப்பினார். ஒருமுறை தட்டத்தில் வைத்து, ஒருமுறை கடித உறையில் போட்டு. இரண்டு தரமும் திருப்பி அனுப்பினேன். "உள்ளங்கை" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வருசம் ஐப்பசியில் சண்டை தொடங்கியது. அமைதி காக்க வந்த இந்திய ஆமியோடு. ஊரடங்கு, ஷெல், ஹெலி. வீடுகளில் இருக்க முடியாமல் சனம் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஓடியது. எங்கள் குறிச்சி முழுவதும் பிள்ளையார் கோயிலுக்குள். நாங்களும் போனோம். வாசலில் நின்று துடக்குக் கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. காரைக் கோயில் இலுப்பை மரத்துக்குக் கீழே விட்டேன். குருக்கள் அன்றைக்குத் தன் ஊரில் அகப்பட்டுக்கொண்டார். மனேச்சரும் அவர் மனைவி பத்மாவதியும் எங்களைப் போலவே மண்டபத்தில் ஒரு சாக்கில். மகாதேவி அப்போது கடைசி வருசம். பரீட்சை பின்போடப்பட்டிருந்தது. ஒரு துணிப்பையில் சில மருந்தும், பிள்ளையின் இதயத் துடிப்புக் கேட்கும் குழலும், அவித்த கையுறையும் கொண்டு வந்திருந்தாள்.

பட்டினப் பக்கமிருந்து ஓடி வந்தவர்களில் யோசப்பின் என்று ஒரு கத்தோலிக்கப் பெண். வயிற்றில் எட்டு மாதம். புருசன் செபநாயகம் தச்சு வேலைக்காரன். ஒரு மத்தியானம் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். "வலி வந்திட்டுது, வலி வந்திட்டுது" என்று மண்டபமே எழும்பியது.

இப்படியான நேரத்தில் எல்லாரும் யாரைப் பார்ப்பார்கள்? என்னைத்தான். நான் ஏற்கனவே வேட்டியைக் கிழித்து, வெள்ளைக் கொடியாகக் கார்க் கதவில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆசுபத்திரியிலை கொண்டுபோய் இறக்குறன். முத்துக்குமாருவின்ரை காருக்கு ஆர் சுடுவான்?"

காலையில் அந்த வீதியால் சைக்கிளில் போன ஒருவன் திரும்பி வரவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஏறிவிட்டது. என் தோளுக்குப் பின்னால் ஒரு குரல்: "ஓம் முத்துக்குமாரு, கெதியாய் ஏத்திக்கொண்டு போ. கோயிலுக்குள்ளை நடந்திடப் போகுது." திரும்பினேன். மனேச்சர்.

அவருக்கு அவளின் உயிர் அல்ல, கோயிலுக்குள் துடக்கு வந்துவிடக்கூடாது. எனக்கு என் கெட்டித்தனம் தெரியவேண்டும். அந்த ஒரு நிமிசம் நானும் கனகசபாபதியும் ஒரே கட்சி.

மகாதேவி சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கார்த் திறப்பைத் தாங்கோ."

"ஏன் பிள்ளை?"

"தாங்கோ. நான் பாக்காமல் ஒருத்தரும் இவவை ஏத்தேலாது. இது உண்மையான வலியெண்டால் ரோட்டிலைதான் பெறுவா. அதைவிட இஞ்சை நான் இருக்கிறன். உண்மையான வலி இல்லையெண்டால் இந்த ரோட்டாலை போகவே தேவையில்லை. ரெண்டிலை எது எண்டு பாக்கவேணும்."

ஆரை ஏற்றக்கூடாது என்றும் படிக்கவேண்டும் என்று அவள் காரில் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. திறப்பை அவள் கையில் வைத்தேன். என் வாழ்நாளில் ஓடத் தயாராக நின்ற காரின் திறப்பை நான் கொடுத்தது அந்த ஒருமுறைதான்.

அவள் அடுத்த கையை மனேச்சர் பக்கம் நீட்டினாள்.

"வாகனசாலைத் திறப்பையும் தாங்கோ ஐயா. எனக்குக் கதவு பூட்டக்கூடிய ஒரு இடம் வேணும்."

வாகனசாலை என்றால் திருவிழாவில் சாமி ஏறிவரும் மர எலி, குதிரை, சிங்கம் எல்லாம் வைத்திருக்கும் அறை. மனேச்சர் இடுப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். "அதுக்குள்ளையோ? சாமியின்ரை வாகனத்துக்கு முன்னாலை... உந்தப் பரிசோதனையோ? என்ன கதை கதைக்கிறாய்?"

"அப்ப மண்டபத்துக்கு நடுவிலை, இவ்வளவு ஆம்பிளையளுக்கும் முன்னாலை செய்யட்டோ?"

நான் வாயைத் திறந்தேன். "அப்பா, நீங்கள் பேசாதையுங்கோ" என்றாள். அவள் கை நீட்டியபடியே நின்றது. யோசப்பின் நிலத்தில் கிடந்து முனகினாள்.

பத்மாவதிதான் சொன்னா: "உங்களைத்தான்! திறப்பைக் குடுங்கோ. சாமிக்கு ஒண்டும் ஆகாது, அந்தப் பிள்ளைக்குத்தான் ஏதும் ஆகும்."

மனேச்சர் திறப்பை எடுத்தார். மகாதேவியின் கைக்கு மேலே பிடித்து, படாமல் விழுத்தினார். அவள் அதைக் கவனிக்கவேயில்லை. நான் கவனித்தேன்.

நானும் செபநாயகமும் யோசப்பினைத் தூக்கிக்கொண்டு போய், மரக்குதிரைக்கும் சிங்கத்துக்கும் நடுவில், தேர்ச்சோடனைச் சீலையை விரித்துப் படுக்க வைத்தோம். உயரத்து யன்னலால் நல்ல வெளிச்சம் வந்தது. பின்னாலேயே ஒரு கூட்டம் வந்துவிட்டது. மாமி மச்சாள் இல்லாத இடத்திலும் பட்டாளம் சேர்ந்துவிடும். மனேச்சரும் வாசலில்.

"எல்லாரும் வெளியிலை போங்கோ. அப்பா, நீங்களும். செபநாயகம் அண்ணை, நீங்களும். மனேச்சர் ஐயா, நீங்களும்."

மனேச்சரைத் தன் வாகனசாலையிலிருந்து வெளியே அனுப்பினாள்! எனக்குச் சிரிப்பு வந்தது. கதவு பூட்டும்போது அவள் யோசப்பினிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது: "அக்கா, நான் கை வைச்சுப் பாக்கட்டோ? நோகும் எண்டு சொன்னால் உடனை நிப்பாட்டுவன்."

வெளியே நான், செபநாயகம், மனேச்சர் மூன்று பேரும் ஒரே படியில். செபநாயகம் செபமாலை உருட்டினான். மனேச்சர் தேவாரம் முணுமுணுத்தார். நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே இரண்டு ஷெல் விழுந்தது, நான் போக நினைத்த வீதிப் பக்கம்.

கனநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. மகாதேவியின் முகம் வேர்த்திருந்தது.

"பிள்ளை நல்ல சுகம். துடிப்பு நல்லாய்க் கேக்குது. கருப்பையின்ரை வாய் இறுக்கிப் பூட்டிக் கிடக்கு. வலி ஒரு ஒழுங்கிலை வரேல்லை. இது பேற்றுவலி இல்லை."

"அப்ப என்ன?" என்றான் செபநாயகம்.

"சலத்திலை கிருமி. மூண்டு நாளாய் ஒழுங்காய்த் தண்ணி குடிக்கேல்லை, சலமும் போகேல்லை. அதாலை அடிவயித்திலை குத்து, வயிறு இறுகுது. பிள்ளைப்பேத்து வலி மாதிரியே இருக்கும்."

"ஏன் குடிக்கேல்லை? கிணறு இருக்குத்தானே?" என்றார் மனேச்சர்.

மகாதேவி மண்டபத்துக்குள் போய், பத்மாவதிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"மாமி, நீங்கள் எப்ப கடைசியாய் வயிறு நிறையத் தண்ணி குடிச்சனீங்கள்?"

பத்மாவதி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. பக்கத்திலிருந்த பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "குடிச்சால் போகவேணுமெல்லோ தங்கச்சி. எங்கை போறது? வெட்டவெளி. ஆமி ஒரு பக்கம், ஆம்பிளையள் ஒரு பக்கம்."

அவ்வளவு சனத்தில் ஓர் ஆணுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எல்லாம் தெரிந்த எனக்கும்.

அன்று பொழுதுபடுமுன், கோயில் நந்தவனத்தின் ஒரு மூலையைத் தண்ணீர்ப்பந்தல் கிடுகால் அடைத்தோம். குழி வெட்டியது நான். ஏ-போட்டிக்காரன், பெண்களுக்குக் கக்கூசுக் குழி வெட்டினேன். நல்ல ஆழமாக, ஒருவரும் குறை சொல்லாதபடி. கிடுகு எடுத்துத் தந்தது மனேச்சர். மகாதேவி யோசப்பினுக்குக் குளிசை கொடுத்து, இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, செம்பு செம்பாகத் தண்ணீர் பருக்கினாள். பிறகு அதே செம்பை ஒவ்வொரு பெண்ணிடமும் கொண்டுபோனாள். பத்மாவதி அவள் கையிலிருந்து வாங்கி அண்ணாந்து குடித்ததை மனேச்சர் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் பார்த்ததை நான் பார்த்தேன் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் யோசப்பினின் வலி நின்றுவிட்டது. அடுத்த மாதம் நிலைமை ஓய்ந்த நேரம், என் காரில்தான் ஆசுபத்திரிக்குப் போய்ப் பெற்றாள். மகாதேவிதான் ஏற்றச் சொன்னாள். ஆண் பிள்ளை. என் பெயரை வைக்கச் சொன்னேன். யாரோ ஒரு புனிதரின் பெயரை வைத்துவிட்டார்கள். போகட்டும்.

மகாதேவியோடு படித்தவர்களில் அரைவாசிப் பேர் இப்போது வெளிநாட்டில். இவள் போகவில்லை. மருதனார்மடத்தில் ஒரு கடையறை, ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு திரை. டொக்டர் அம்மா சொன்ன அதே மாதிரி. "ஏன் பெரிய படிப்புப் படிக்கேல்லை?" என்று கேட்பவர்களுக்கு அவள் சிரிப்பாள். நான் சிரிக்கமாட்டேன். "உன்ரை பெண்சாதி தண்ணி குடிச்சவளோ எண்டு கேக்கிறது சின்னப் படிப்போ?" என்று கேட்பேன்.

கடன் விசயத்தை முடிக்கவேண்டும்.

ஊரடங்கைத் தளர்த்திய அன்று காலை சனம் மூட்டை முடிச்சோடு வீடு பார்க்க வெளிக்கிட்டது. நான் காரைத் திருப்பி, நல்லம்மாவை ஏற்றி, மகாதேவிக்காகக் காத்து நின்றேன். அவள் யோசப்பினைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, கையைக் கூடத் துடைக்காமல் வந்து ஏறினாள். கோயில் வாசலில் மனேச்சர் நின்றார். சவரம் செய்யாத முகம், ஊத்தை வேட்டி. கையில் எண்ணெய்ச் செம்பு. குருக்கள் இன்னும் வரவில்லை, அவரேதான் விளக்கேற்றவேண்டும்.

"முத்துக்குமாரு, நில்."

இறங்கினேன். அவர் செம்பைப் படியில் வைத்துவிட்டு மடியை அவிழ்த்தார். வீடு எரிந்தாலும் கோயில் காசு எரியக்கூடாதென்று எல்லாவற்றையும் மடியிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நான் பிழை எண்டு சொல்ல வரேல்லை" என்றார்.

"நானும் அதைக் கேக்கேல்லை. காசைத்தான் கேட்டனான்."

"உனக்கு வாய் குறையாது."

"குறையாது. குளிச்சுப்போட்டோ விளக்கு வைக்கப்போறியள்?"

அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு காருக்குள் இருந்த மகாதேவியைப் பார்த்தார். வாசலால் போன சனம் நின்றுவிட்டது. பத்மாவதி ஒரு மூட்டையோடு தூணில் சாய்ந்து நின்றா.

"காசு எண்ணிக் குடுத்ததுக்கு ஆராவது குளிப்பானோ? கையை நீட்டு" என்றார்.

நீட்டினேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. நான் அதை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. அவர்தான் குனியவேண்டியிருந்தது. பெருவிரலை நாக்கில் தொட்டு, முதல் நூறு ரூபாய்த் தாளை என் உள்ளங்கையில் வைத்து, பறக்காமல் விரலால் அழுத்தினார். விரல் சூடாக இருந்தது. அடுத்ததை வைத்தார். நான் வாய்விட்டு எண்ணினேன், வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்க. ஒவ்வொரு தாளுக்கும் அவர் விரல் என் கையில் பட்டது. கடைசித் தாளையும் வைத்து அழுத்தி, என் விரல்களைத் தன் கையாலேயே மடக்கி மூடினார்.